கையா கல்லா கத்தியா

புருசன் பேரை வாயால சொல்லக்கூடாதும்பாவ. நான் சொல்லுவேன். தளவாய். தூத்துக்குடி கடற்கரைத் தெருவுல நின்னு தளவாய் வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க, கேட்ட ஆம்பளை தன்னையறியாம கன்னத்தைத் தடவிக்கிட்டேதான் வழி சொல்லுவான். சவரத்துல அப்படி ஒரு கை. அந்தக் கை போச்சுன்னு போன ஐப்பசியில தெருவே பேசிச்சு. அந்தக் கதையை நான்தான் சொல்லணும், ஏன்னா அதுல முக்காவாசிப் பழி என்னைச் சேர்ந்தது. சீனித்தாய் ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சா குறுக்க பேசக்கூடாது, கேட்டுக்கிட்டே இருங்க.

அவியளுக்கு, அதான் என் வீட்டுக்காரவியளுக்கு, பேச்சுக் கம்மி. எனக்குக் கோவம் வந்தா தெரு முக்கு வரைக்கும் கேக்கும், அவியளுக்குக் கோவம் வந்தா வீடே கம்முனு ஆயிரும். ரெண்டு வருசத்துக்கு முந்தி சப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பாதி ஊரு மூட்டையைக் கட்டிக்கிட்டு மேக்க ஓடிச்சே, அப்பவும் அவிய அசையலை. "குண்டு விழுந்தா தாடி வளராதாக்கும்" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு, அடைப்பத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாவ. அடைப்பம்னா கத்தி, கத்திரி, கல்லு, கிண்ணி எல்லாம் வைக்கிற தோல்பை. அதை என்னைத் தவிர வேற ஆளு தொடக்கூடாது.

கடற்கரைத் தெருவுல பரதவர் வீடுக. தோணிக்காரர், சங்கு குளிக்கிறவங்க, துறைமுகத்து மேஸ்திரிமாருன்னு எல்லா மூஞ்சியும் அவியளுக்கு மனப்பாடம். எவனுக்கு முடி எந்தப் பக்கம் சுழிக்கும், எவன் தாடையில பழைய தழும்பு ஒளிஞ்சு கிடக்கும், எல்லாம் தெரியும். உப்புக்காத்துல காஞ்சு கருவாடாப் போன கன்னமா இருந்தாலும் கத்தி போறது தெரியாது. சவரம் முடியுததுக்குள்ள ஆளு தூங்கிட்டான்னா அது நல்ல சவரம்னு சொல்லுவாவ.

கத்தி ரெண்டு. ஒண்ணு உள்ளூர்க் கொல்லன் அடிச்சது. இன்னொண்ணு செருமனிக் கத்தி, அவிய அப்பாவுக்கு ஒரு கப்பல்காரன் குடுத்தது. இந்த உலகச் சண்டை தொடங்கினதுக்கு அப்புறம் அப்படி ஒரு கத்தியைத் தலைகீழா நின்னாலும் வாங்க முடியாது. அதுக்கு அவிய வச்ச பேரு "இளையவ". என் முன்னாலயே சொல்லுவாவ, "ஏளா, இளையவளை எடு"ன்னு. சக்களத்தி எனக்குக் கத்தி ரூபத்துல வந்து வாச்சிருக்கா. நானும் அவளை எண்ணெய்த்துணியில துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன், என்னைச் சொல்லணும்.

தீட்டுதது சாயங்காலம்தான். வாசல்ல உக்காந்து, வெளிச்சம் இருக்கும்போதே கல்லுல தண்ணி தெளிப்பாவ. கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகும் வாயும் ஒண்ணு போல கல்லுல படுத மாதிரி ஒரு தள்ளு, திருப்பிப் போட்டு ஒரு தள்ளு. பெறவு தோல்வாருல நாப்பது இழுப்பு. கடைசியா என் தலையிலேர்ந்து ஒரு முடியைப் பிடுங்கித் தொங்கவிட்டு, கத்தியை அதுல லேசாக் காட்டுவாவ. முடி தானா ரெண்டா விழுந்தா கத்தி ஆயிட்டுன்னு அர்த்தம். மறுநா இருட்டோட கிளம்பணும், மண்ணெண்ணெய் கிடைக்கிற லட்சணத்துல விளக்கு வச்சுத் தீட்ட முடியுமா? அதனால காலையில கல்லு கிடையாது, வாருல மட்டும் நாலு இழுப்பு. பதினாலு வருசமா இதே வழக்கம்தான். என் கொண்டை சின்னதாப் போனதுக்கும் அதுதான் காரணம்.

ஐப்பசியில ஒரு சனிக்கிழமை காலையில ஹென்றித் தண்டல் வீட்டுக்குப் போயிருந்தாவ. தண்டல்னா தோணிக்குத் தலைவரு. கொழும்புக்குத் தோணி ஓட்டுத மனுசன், வீட்டுக்குள்ள பேசினாலும் நடுக்கடல்ல பேசுத மாதிரிதான் பேசுவாரு. அவரு மகன் ரோச்சுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம். அன்னைக்குத் தண்டலுக்குச் சவரம் பண்ணும்போது கத்தி இடது கன்னத்துல பிடிச்சு இழுத்து, சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறிப்போட்டுச்சு. ரத்தம் வழிஞ்சு சட்டைக் காலரு வரைக்கும் வந்துட்டு.

"ஏலே தளவாய், ஒனக்குக் கை போச்சுடே." நாலு பேரு முன்னால அவரு சொல்லிட்டாரு.

அவங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்னைக்குக் காலையில, பந்தல்ல, சொந்தக்காரங்க சுத்தி நிக்க மாப்பிள்ளைக்குச் சவரம் நடக்கும். அதுல ஒரு சொட்டு ரத்தம் தெரிஞ்சாலும் ஆகாதும்பாங்க. அதனால தண்டல் சலூன்காரர் ராமரைத்தான் கூப்பிடணும்னு நின்னாரு. ராமரு பிளேடு மாட்டுத மிசின்ல சவரம் பண்ணுத ஆளு. தண்டல் பொஞ்சாதி பிலோமியம்மாதான் விடலை. "எம் பிள்ளைக்கு முத முதல்ல மீசையை ஒதுக்கினது தளவாய். பந்தல்லயும் அவன்தான்"னு ஒரே பிடியா நின்னுட்டாவ. கடைசியில, தளவாய் பண்ணட்டும், எதுக்கும் ராமரு மிசினோட ஒரு ஓரமா நிக்கட்டும்னு முடிவாச்சு.

இத்தனையையும் அவிய வீட்டுக்கு வந்து ரெண்டு வரியில சொல்லி முடிச்சாவ. அதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னாவ பாருங்க. "எங்கப்பாவுக்கு நாப்பது வயசுலதான் கை நடுங்க ஆரம்பிச்சுது. எனக்கு இப்போ நாப்பது. பந்தல்ல ரத்தம் வந்துச்சுன்னா கத்தியைக் கடல்ல எறிஞ்சிட்டு உப்பளத்துக்கு மம்பட்டி தூக்கப் போயிருவேன்." சொல்லிட்டு வலது கையைக் கக்கத்துக்குள்ள சொருகிக்கிட்டாவ.

எனக்கு வந்துச்சே கோவம். "கல்லைப் பாத்தியளா? வாரைப் பாத்தியளா? ஒண்ணையும் பாக்காம அதுக்குள்ள கை மேல பழியைப் போட்டாச்சாக்கும்"னு கத்தினேன். பக்கத்து வீட்டுல பிள்ளை முழிச்சு அழுதுச்சு.

மறுநா ஞாயித்துக்கிழமை கல்லைப் பாத்தாவ. கத்திரியை மூடி, அதோட நேர் விளிம்பு கல்லுல படுத மாதிரி நெட்டுக்க வச்சுட்டுக் குனிஞ்சு பாத்தா, நடுவுல இடைவெளி விட்டு வெளிச்சம் தெரியுது. வருசக்கணக்கா நடுவுலயே தேச்சுத் தேச்சு கல்லு குழிஞ்சு கிடக்கு. குழிஞ்ச கல்லுல கத்தி வாய் ஒரே சீராப் படுமா? "நான் சொல்லலை?"ன்னு குதிச்சேன். அவியளுக்கும் மொகம் தெளிஞ்சுது. துவைகல்லு மேல சலிச்ச மணலைப் போட்டு, தண்ணி விட்டு, தீட்டுக்கல்லைக் கவுத்து வச்சு மத்தியானம் வரைக்கும் தேச்சோம், அவிய ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மறுபடி கத்திரியை வச்சுப் பாத்தா நூலளவு வெளிச்சம் இல்லை. கல்லை மூணு தரம் கழுவி, சாயங்காலம் இளையவளைத் தீட்டினாவ. முடி தொட்டதும் ரெண்டா விழுந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் மீன்குழம்பு வச்சேன், அவிய ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாவ.

திங்கக்கிழமை காலையில போன மனுசன் எட்டு மணிக்கே திரும்பி வந்துட்டாவ. கத்தி இழுக்கு. முந்தின சாயங்காலம் முடியை ரெண்டாக்கின அதே கத்தி, விடிஞ்சதும் கன்னத்துல சொரசொரன்னு பிடிக்கு. உள்ளூர்க் கத்தியை எடுத்துப் பாத்தாவளாம், அதுவும் அப்படித்தான். சரி, வாருதான்னு வாரைக் கழட்டிப் பாத்தோம். ஓரத்துல ஒரு வெட்டு இருந்துச்சு. அதைத் தேச்சு மழுக்கி, எண்ணெய் தடவி நீவினோம். சாயங்காலம் மறுபடியும் கல்லு, வாரு, முடி. அழகா விழுந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில திரும்பவும் இழுக்கு.

அவிய என்னை முன்னால உக்கார வச்சு நிதானமாச் சொன்னாவ. "கல்லு சரியாயிட்டு. வாரு சரியாயிட்டு. கத்தி சாயங்காலம் நல்லாத்தான் வெட்டுது. காலையில வேற என்ன மாறுது? அதைப் பிடிக்கிற கைதான். அப்போ கைதான்." யோசிச்சுப் பாருங்க, நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவிய. வீட்டுக்குப் பின்னால போய் சேலை முந்தியை வாயில வச்சுக்கிட்டு அழுதேன்.

இப்போ என் திருட்டுத்தனத்தைச் சொல்லுதேன். தண்டல் கன்னத்துல ரத்தம் வந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே எனக்கு இது கண்ணேறுன்னு பட்டுட்டு. எங்க வீட்டு வாசல்ல ஆளு வந்து காத்துக் கிடக்கு, ராமரு சலூன்ல ஈ உக்காருது. அந்த மனுசன் கண்ணு வைக்காம வேற யாரு வைப்பா? அவிய தலையைச் சுத்திப் போடலாம்னா, அதுல எல்லாம் நம்பிக்கை இல்லாத ஆளு, கிட்டயே விடமாட்டாவ. அதனால ஒரு துணியில கை நிறையக் கல்லுப்பு, ஏழு மிளகாவத்தல், இரும்பு ஒண்ணு இருக்கணுமேன்னு அன்னைக்கு வாங்கின புது ஊசி, எல்லாத்தையும் வச்சு முடிஞ்சேன். அடைப்பத்துக்கு அடியில, கத்தி படுத்திருக்கிற துணிக்குக் கீழ, வெளிய தெரியாம சொருகி வச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என்னடா இது காரியம் கைமீறிப் போகுதேன்னு, பழைய முடிச்சை எடுத்துட்டு அதைவிடப் பெருசா ஒண்ணு கட்டி வச்சேன். பழையதை விடிஞ்சதும் அடுப்புல போட்டுறலாம்னு மாடத்துல வச்சேன். வெளிய அடைமழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

புதன்கிழமை அவிய முன்னாடியே கிளம்பிட்டாவ. போகும்போது என் மூஞ்சியைப் பாக்கலை. நான் அடுப்பை மூட்டி, பழைய முடிச்சைத் தீயில போடப் போனேன். போடும்போது ஒரு கருமித்தனம் வந்துச்சு. இந்தச் சண்டைக் காலத்துல ஒரு ஊசி எங்க கிடைக்கு, அதை மட்டும் உருவிக்கிடுவோம்னு முடிச்சை அவுத்தேன். துணி சொதசொதன்னு நனைஞ்சு கிடக்கு. மழைக்காலத்துக் கல்லுப்பு கசிஞ்சு தண்ணி விட்டிருக்கு. ஊசியைப் பாத்தேன். சனிக்கிழமை பளபளன்னு வாங்கின ஊசி துரு ஏறிச் செக்கச்செவேல்னு நிக்கி, நுனி இருந்த இடத்தைக் காணோம்.

நாலு நாள்ல ஊசி நுனிக்கே இந்தக் கதின்னா, அதைவிட மெலிசான கத்தி வாய்க்கு ஒரு ராத்திரி போதாதா? சாயங்காலம் அவிய உசிரைக் கொடுத்துத் தீட்டி வைக்க, ராத்திரி பூரா நான் வச்ச உப்பு அதைத் தின்னிருக்கு. கண்ணுக்குத் தெரியாத துரு, கன்னத்துக்குத்தான் தெரியும். சனிக்கிழமை கீறினது குழிஞ்ச கல்லால, அதுக்கு அப்புறம் இழுத்ததெல்லாம் என் உப்பால. அவிய கைக்கு ஒண்ணும் ஆகலை.

அடுப்பை எரிய விட்டுட்டு ஓடினேன். எனக்குக் கையும் ஓடலை, காலு மட்டும் ஓடுது. தெரு பூரா சகதி. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒரு கையில ஊசியைப் பிடிச்சுக்கிட்டு, எதுக்க வந்த மாட்டுவண்டியைக்கூட நான் விலகலை, வண்டிதான் விலகிச்சு. பாதி தூரம் போகும்போது மாதா கோவில்ல முதல் மணி அடிச்சுது. ரெண்டாம் மணி அடிக்கும்போது மாப்பிள்ளை கோவில் வாசல்ல நிக்கணும்.

கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு பந்தலுக்குள்ள நுழைஞ்சேன். பேண்டுக்காரங்க வாசிக்காங்க. ரோச் நாற்காலியில, மூஞ்சி பூரா சோப்பு நுரையோட உக்காந்திருக்கான். அவிய முதல் இழுப்பை இழுத்திருப்பாவ போல, பையன் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நெளியுதான். ரத்தம் இல்லை. தண்டல் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்காரு. அவிய கத்தியை மடக்கினாவ. கை கிடுகிடுன்னு ஆடுது.

"தண்டலய்யா, நீங்க சொன்னது சரிதான். என் கை போச்சு. ராமரைக் கூப்பிடுங்க."

ராமரு மிசினோட ரெண்டு எட்டு முன்னால வந்துட்டாரு.

"போகலை"ன்னு கத்தினேன். பேண்டு நின்னுபோச்சு. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிச்சு. சேலையெல்லாம் சகதி, தலைவிரி கோலம், கையில ஒரு துருப்பிடிச்ச ஊசி, பைத்தியம்னுதான் நினைச்சிருப்பாங்க. "கை போகலை, தண்டலய்யா. கண்ணேறு கழிக்கணும்னு நான்தான் அடைப்பத்துல உப்பு முடிச்சு வச்சேன். சனிக்கிழமையிலேர்ந்து உள்ளதான் கிடக்கு. அவிய தீட்டுத வாயை உப்பு தின்னுட்டு இருந்திருக்கு. நம்பலைன்னா பையை உதறிப் பாருங்க."

அவிய என்னைப் பாத்த பார்வையைச் சொல்ல மாட்டேன். அடைப்பத்தைக் கவுத்தாவ. கத்திரி விழுந்துச்சு, கிண்ணி விழுந்துச்சு, கடைசியில என் முடிச்சு ஈரத்தோட பொத்துன்னு விழுந்துச்சு. கூட்டம் சிரிச்சுது. பிலோமியம்மா மட்டும், "எதுக்குச் சிரிக்கிய? நம்ம வீட்டுலயும்தான் சுத்திப் போடுதோம்"னு அதட்டினாவ. நான் ராமரு மூஞ்சியைப் பாக்க முடியாம தரையைப் பாத்தேன்.

தண்டல் சிரிக்கலை. என் கையிலேர்ந்து ஊசியை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சாரு. நங்கூரச் சங்கிலி துருப்பிடிச்சு அத்துப்போறதை எத்தனை தரம் பாத்திருப்பாரு அந்த மனுசன். "உப்பு இரும்பை என்ன பண்ணும்னு எனக்கா சொல்லித் தரணும்"னாரு. பெறவு அவிய பக்கம் திரும்பினாரு. "ஏலே தளவாய், கல்லை எடு. ரெண்டாம் மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. இங்கனயே தீட்டு."

"கை ஆடுதே, தண்டலய்யா."

"தீட்டுலே. ஆடினா அப்போ பாப்போம்."

பந்தல் நடுவுல அவிய சம்மணம் போட்டு உக்காந்தாவ. கல்லுக்குத் தண்ணி வேணுமே, நான் சுத்தும் முத்தும் பாக்கேன், அதுக்குள்ள ஒரு செம்போட வந்து குனிஞ்சு ஊத்தினது ராமரு. இளையவளை நல்லாக் கழுவிக் கல்லுல வச்சாவ. முதல் தள்ளு கரகரன்னுது. கை ஆடுது, கத்தியும் கூட ஆடுது. ரெண்டு, மூணு, நாலு. எட்டாவது தள்ளோ ஒம்பதாவது தள்ளோ, கை தன் பாட்டுக்கு வேலையைப் பிடிச்சுக்கிட்டுது. ஆட்டம் நின்னுபோச்சு. அதை நான் பாத்தேன், அவிய பாக்கலை, அவிய கவனமெல்லாம் கல்லு மேல இருந்துச்சு. கரகரப்பு குறைஞ்சு குறைஞ்சு, எண்ணெய்ல வழுக்குத மாதிரி சத்தம் மெலிஞ்சுது.

தோல்வாரை மாட்ட பந்தல்ல ஒரு ஆணி இல்லை. தண்டல் குனிஞ்சு வாரோட ஒரு நுனியைப் பிடிச்சு, தோணிக் கயித்தை இழுக்குத மாதிரி விறைப்பா இழுத்துக்கிட்டு நின்னாரு. கொழும்புக்குத் தோணி விடுத தண்டல், என் வீட்டுக்காரவியளுக்கு வாரு பிடிச்சு நிக்காரு. நாப்பது இழுப்பும் ஆச்சு. யாரும் கேக்கும் முன்னால நான் என் தலையிலேர்ந்து ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினேன். கத்தி கிட்ட வந்ததும் அது ரெண்டா விழுந்துச்சு. பந்தல் பூரா கைதட்டிச்சு.

ராமரு புதுசா நுரை போட்டுக் கொடுத்தாரு. அவிய ரோச் தாடையை விரலால நிமித்திக் கத்தியை வச்சாவ. காதுலேர்ந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு, பையன் அசையலை. அந்தக் கன்னம், இந்தக் கன்னம், மேல் உதடு. கழுத்துக்கு வரும்போது தலை ஒரு பக்கமாச் சாயுது. என்னாச்சோன்னு பிலோமியம்மா ஓடி வந்தாவ. ஒண்ணும் ஆகலை, கல்யாண மாப்பிள்ளை குறட்டை விடுதான். பேண்டுக்காரன் மறுபடி ஊதப் போனான், தண்டல் கையைக் காட்டி நிப்பாட்டிட்டாரு. எல்லாம் முடிஞ்சதும் பிலோமியம்மா வெள்ளைத் துண்டால மகன் மூஞ்சியை அழுத்தித் துடைச்சு, துண்டை விரிச்சு எல்லாருக்கும் காட்டினாவ. துண்டு வெள்ளையாவே இருந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்க முடியலை, யாருன்னு தெரியாத ஒரு பொம்பளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

ரோச் எந்திரிச்ச நாற்காலியில தண்டல் வந்து உக்காந்துட்டாரு. சனிக்கிழமை கீறின காயம் இன்னும் ஆறலை. அந்தக் கன்னத்தையே முதல்ல திருப்பிக் காட்டினாரு. "எனக்கும் பண்ணு." ரெண்டாம் மணி அடிக்க ஆரம்பிச்சுது. பிலோமியம்மா பதறுதாவ. "சாமியாரு நிக்கட்டும்"னு சொல்லிட்டு தண்டல் கண்ணை மூடிக்கிட்டாரு.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். கல்யாண வீட்டுலேர்ந்து கொடுத்தனுப்பின சோத்தைப் போட்டு வச்சேன், பேசாமச் சாப்பிட்டாவ. நான் சுவத்தோரமா நின்னு, எப்போ விழப்போகுது வசவுன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

"ஏளா."

"என்ன?"

"உப்பை எதுக்கு வச்ச?"

"அதான் சொன்னேனே, கண்ணேறு பட்டுட்டுன்னு."

"எனக்கா? நரைச்ச தலை, ஒல்லிக்குச்சி உடம்பு. என்னைப் பாத்து யாருளா கண்ணு வைப்பா?"

ராமரு பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. காலையில கல்லுக்குத் தண்ணி ஊத்தின ஆளை எப்படிச் சொல்லுவேன்? அப்போதான் எனக்கே ஒண்ணு தோணிச்சு.

"நான்தான்"னேன். "தினம் வெள்ளென நீங்க கிளம்பி தெரு முக்கு திரும்புத வரைக்கும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பதினாலு வருசமா. என் கண்ணாத்தான் இருக்கும்."

அவிய மிச்சச் சோத்தையும் சாப்பிட்டு, தட்டுலயே கையைக் கழுவினாவ. பெறவு என்னைப் பாக்காமலே சொன்னாவ.

"இனிமே முடிச்சை அடைப்பத்துல வைக்காத. என் இடுப்புல கட்டி விடு."